நகத்தில் ஏறிய நீலம்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த நம் அண்ணன் மகள், பெட்டியைத் திறந்து முதலில் எடுத்து வைத்தது புடவையுமல்ல, புஸ்தகமுமல்ல. சுண்டு விரல் உயரத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சீசா. "அத்தை, இது சாதாரண நகப்பூச்சு இல்லை. பூமிக்குக் கெடுதல் செய்யாதது. நீங்கள் ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறவர்களாயிற்றே, பூசிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்" என்றாள். சீசாவின் மேல் ஓர் இலைப் படம், உள்ளே நீலம். அளவு 10 மில்லி லிட்டர், விலை 450 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு லிட்டர் செக்கு நல்லெண்ணெய் வாங்கிவிடலாமே என்று அம்மா கணக்குச் சொன்னாள்.

நாம் கடைசியாக நகத்துக்குச் சாயம் பூசியது பி.எஸ்ஸி. படித்த காலத்தில். அதன் பிறகு சாக்கட்டித் தூளைத் தவிர வேறெந்த வர்ணமும் நம் விரல்களில் தங்கியதில்லை. ஆயினும் பரீக்ஷை செய்யாமல் தீர்ப்புச் சொல்வது நம் தொழிலுக்கு அழகன்று. ஆகவே கூடத்து ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம்.

நீலம் என்றால் பளிச்சென்ற நீலமன்று. மயில் கழுத்துமன்று, சங்குபுஷ்பமுமன்று. ஐப்பசி மாதத்தில், மழை வரப்போகிறது என்று தெரிந்தும் இன்னும் ஒரு துளி கூட விழாத பிற்பகலில் ஆகாயம் ஒரு நிறம் கொள்ளுமே, அந்த நிறம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் கூச்சமில்லாமல் அணியக்கூடிய, அடங்கிய நிறம் என்றே சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் விரலைத் திருப்பினால் மட்டும் உள்ளே எங்கேயோ ஒரு மெல்லிய மினுமினுப்புத் தெரிந்தது. அந்த மினுமினுப்பைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

முதல் பூச்சு கோடு கோடாக விழுந்தது. பத்து நிமிஷம் பொறுத்து இரண்டாவது பூச்சுப் பூசியதும் சமமாகிவிட்டது. வலக்கையால் இடக்கைக்குப் பூசுவது எளிது. இடக்கையால் வலக்கைக்குப் பூசியதை நாம் விவரிக்கப் போவதில்லை. ஈரம் காய்ந்து விரலை நீட்டிப் பார்த்துக் கொண்டிருக்கையில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது! பாம்பு கடித்தவள் மாதிரி நகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது!"

இதைக் கேட்டுச் சிரித்தோமே தவிர, அம்மாவின் வார்த்தையில் சாரமில்லாமல் இல்லை. 2020-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்க் காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் சிறு யந்திரம் வீட்டில் இருந்தது. பூசாத விரலில் மாட்டினோம். 98 என்று காட்டியது. நீல விரலில் மாட்டினோம். 94-க்கும் 95-க்கும் இடையே தத்தளித்தது. அந்த யந்திரம் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் நகத்தின் வழியே செலுத்தி, எது எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடவே, யந்திரம் ஏமாறுகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் மூச்சுக் கோளாறுள்ள பெரியவர்கள் இருந்தால் ஒரு விரலையாவது வெறுமனே விட்டு வைப்பது நல்லது. அம்மாவின் முகத்தில் அன்று முழுவதும் வெற்றிப் புன்னகை.

நிற்க. சீசா வந்த அட்டைப் பெட்டியைப் படிக்கலானோம். "பெரும் பகுதி தாவர மூலம்" என்றிருந்தது. பக்கத்தில் எறும்பெழுத்தில் சாமான்களின் பட்டியல். முதலிடம் எதில் அஸிடேட், அடுத்தது ப்யூடில் அஸிடேட், மூன்றாவது நைட்ரோ ஸெல்லுலோஸ்.

இந்த மூன்றாவது பதார்த்தத்தின் குலப்பெருமையைச் சற்றுச் சொல்ல வேண்டும். பஞ்சையோ மரக்கூழையோ வெடியுப்புத் திராவகமும் கந்தகத் திராவகமும் கலந்த கலவையில் ஊற வைத்தால் கிடைப்பது இது. 1846-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் பாஸல் நகரத்துப் பண்டிதர் ஷோன்பைன் வெளியிட்ட வெடிப்பஞ்சு இதற்கு அண்ணன் முறை. பழைய காலத்துச் சினிமாச் சுருள்கள் இதனாலேயே செய்யப்பட்டன. கொட்டகைகள் தீப்பற்றியதும், எத்தனையோ ஊமைப் படங்கள் ஒரு பிரதி கூட மிஞ்சாமல் போனதும் பெரும்பாலும் இதன் குணத்தினால்தான். மோட்டார் வண்டிகளுக்குப் பளபளவென்று பூசிய வார்னிஷும் இதே குடும்பம். அமெரிக்காவில் 1917-இல் க்யூடெக்ஸ் கம்பெனியார் திரவ நகப்பூச்சை விற்கத் தொடங்கினார்கள். 1932-இல், ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில், சார்லஸ் ரெவ்ஸன் என்பவர் தம் சகோதரருடனும் லாக்மன் என்ற ரசாயன நிபுணருடனும் சேர்ந்து ரெவ்லான் கம்பெனியை நகப்பூச்சு ஒன்றைக் கொண்டே ஆரம்பித்தார். நம் நாட்டில் 1952-இல் டாட்டா கம்பெனியார் லாக்மே என்ற பெயரில் சுதேசி அலங்காரச் சாமான்கள் செய்யத் தொடங்கினார்கள். லக்ஷ்மி என்னும் பெயரே பிரெஞ்சு இசை நாடகமொன்றின் வழியாகப் போய் உருமாறி லாக்மே என்று திரும்பி வந்தது. அந்தக் கம்பெனியும் பிற்பாடு ஹிந்துஸ்தான் யூனிலீவர் கைக்குப் போய்விட்டது. அது வேறு கதை.

ஆக, "தாவர மூலம்" என்பது பொய்யல்ல. பஞ்சும் மரமும் தாவரந்தானே! அப்படிப் பார்த்தால் நூறு வருஷத்துக்கு முந்திய நகப்பூச்சிலும் தாவரம் இருந்தது. இந்தச் சீசாவில் புதிதாகச் செய்திருப்பது என்னவென்றால், எதில் அஸிடேட்டையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல், கரும்பாலைப் பாகு போன்றவற்றைப் புளிக்க வைத்த சாராயத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். பூமிக்கடியில் கோடி வருஷமாகக் கிடந்த கரியைத் தோண்டி ஆகாயத்தில் விடாமல், போன வருஷத்துக் கரும்பு இழுத்த கரியையே திரும்ப விடுவது நல்ல காரியந்தான். அந்த நியாயத்தை நாம் மறுக்க மாட்டோம். ஆனால் கரும்பிலிருந்து வந்த எதில் அஸிடேட்டும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததும் ஒரே மூலக்கூறு. ஒரே மாதிரி தீப்பற்றும்; ஒரே மாதிரி மூக்கில் ஏறும்; பூட்டிய அறைக்குள் ஒரே மாதிரி தலையைச் சுற்றும். இலைப் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டவ் பக்கத்தில் சீசாவைத் திறக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டியின் மறுபக்கத்தில் "பத்து விஷங்கள் அற்றது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஹோட்டல்காரர் ஒருவர், "எங்கள் சாம்பாரில் பாஷாணம் கிடையாது" என்று பலகை எழுதி மாட்டினால் நமக்கு என்ன தோன்றும்? ஆனாலும் இந்த வழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. வெகு காலம் நகப்பூச்சுக்களில் டொலுவீன், பார்மால்டிஹைடு, டைப்யூட்டைல் தாலேட் என்ற மூன்றும் கூடிக் குலாவிக் கொண்டிருந்தன. டொலுவீன் தலைவலியும் மயக்கமும் தரும். பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேச நிபுணர் சபை தீர்மானித்திருக்கிறது. மூன்றாவது, சந்தான விருத்திக்குக் கேடு என்ற காரணத்தால் ஐரோப்பாவில் அலங்காரச் சாமான்களிலிருந்து விலக்கப்பட்டது. இம்மூன்றும் அற்றவை என்று பிறகு விளம்பரங்கள் புறப்பட்டன. 2012-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாண அதிகாரிகள், ஸான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் நகச் சிங்காரக் கடைகளுக்கு விற்கப்படும் 25 பூச்சுக்களை வாங்கிச் சோதித்தார்கள். டொலுவீன் கிடையாது என்று அச்சிட்ட 12 சீசாக்களில் 10-இல் டொலுவீன் இருந்தது. மூன்றுமே கிடையாது என்று சத்தியம் செய்த ஏழில் ஐந்து பொய்.

பொய் சொல்லாதவர்களும் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். டைப்யூட்டைல் தாலேட்டின் ஸ்தானத்தில் பல கம்பெனிகள் டிரைபினைல் பாஸ்பேட் என்பதைக் கலந்தன. 2015-இல் ட்யூக் சர்வகலாசாலையாரும் மற்றொரு சங்கத்தாரும் சேர்ந்து, நகம் பூசிக் கொண்ட பெண்களின் மூத்திரத்தைச் சோதித்தார்கள். பத்துப் பதினாலு மணி நேரத்துக்குள் அதன் அடையாளம் ஏறத்தாழ ஏழு மடங்கு ஏறியிருந்தது. நகம் கல்லைப் போல என்று நாம் நினைத்துக் கொண்டிருந்தது தப்பு. "அற்றவை" ஜாபிதா மூன்றிலிருந்து ஐந்து, ஏழு, பத்து என்று வளர்ந்து கொண்டே போவதன் ரகசியம் இதுதான்.

நம் தேசத்தில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார் இவ்விஷயமாக நெறிமுறைகள் வெளியிட்டார்கள். பசுமையானது, பூமிக்கு உகந்தது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. எதனால் அப்படி என்பதற்கு ஆதாரத்தையும் வாங்குகிறவர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். அண்ணன் மகள் அட்டையிலிருந்த சதுரக் கட்டத்தைத் தன் செல்போனால் படம் பிடித்தாள். ஆதாரம் வந்தது. ஒரு நீர்வீழ்ச்சியின் படம். அதன் கீழே, தாங்கள் இயற்கையை நேசிப்பதாக ஒரு வாக்கியம்.

இனி நீலத்துக்கு வருவோம். இத்தனை தாவரம் பேசும் சீசாவில் நீலமாவது அவுரிச் செடியிலிருந்து வந்திருக்குமோ என்று நமக்கு ஓர் ஆசை. பட்டியலின் கடைசியில் வர்ணங்கள் எண்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. 77510 என்பது பிரஷ்ய நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் தற்செயலாகப் பிறந்த இரும்புச் சாயம். 77891 டைட்டானியம் வெள்ளை; 77499 கறுப்பு இரும்புத் துரு. நீலத்தில் வெள்ளையைக் கூட்டி, துளி கறுப்பால் அடக்கினால் ஐப்பசி ஆகாயம் வந்துவிடுகிறது. இலைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமேயில்லை. பிரஷ்ய நீலத்தால் பூசிக் கொள்பவருக்குக் கெடுதல் இல்லை. தாலியம் என்ற கொடிய விஷத்துக்கு வைத்தியர்கள் இதையே முறிவாகக் கொடுக்கிறார்கள். நீலம் பாரித்தது என்று பயந்த அம்மாவிடம் இதைச் சொன்னோம். "அது சரி, நீ முறிவைச் சாப்பிட்டாயா, நகத்தில்தானே பூசினாய்?" என்றாள்.

அவுரியின் கதையும் அப்படியொன்றும் சுத்தமானதல்ல. சம்பாரண் ஜில்லாவில் இருபது கட்டா நிலத்துக்கு மூன்று கட்டாவில் குடியானவன் அவுரி போட்டே தீர வேண்டும் என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வைத்திருந்த ஏற்பாட்டை வாசகர்கள் அறிவார்கள். 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் வியாபாரத்துக்கு வந்து அவுரி விலை விழுந்தபோது, முதலாளிகள் தங்கள் நஷ்டத்தைக் குத்தகை உயர்வாகக் குடியானவன் தலையில் ஏற்றினார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே போனதும் அதற்குத்தான். தாவர நீலம் வேண்டும் என்று நாம் ஏங்கும்போது, அது யாருடைய வயலில் எந்த நிபந்தனையில் விளைகிறது என்பதும் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

இப்போது அந்த மினுமினுப்பு. எண் 77019: மைக்கா. நம் ஊரில் காக்காய்ப்பொன் என்பார்கள். சிறு வயதில் ஆற்று மணலில் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்த்து வைத்த ஞாபகம் நமக்குண்டு. உலகத்து முகப்பூச்சுக்களிலும் நகப்பூச்சுக்களிலும் மின்னும் காக்காய்ப்பொன்னில் பெரும்பங்கு ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதி ஜில்லாக்களிலிருந்தும், பக்கத்துப் பீஹார்ப் பகுதியிலிருந்தும் போகிறது. 1980-ஆம் வருஷத்து வன பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பல சுரங்கங்கள் மூடப்பட்டன. மூடிய சுரங்கத்தை யாரும் காவல் காப்பதில்லை. அதன் வாயிலும் வளையிலும் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு விற்பது சுற்றுவட்டாரத்து ஏழைகளின் பிழைப்பாயிற்று. சிறிய கைகளும் சிறிய உடம்புகளும் அந்த வளைகளில் எளிதாக நுழையும். 2016-இல் ராய்ட்டர் ஸ்தாபனத்தார் விசாரித்து எழுதியபோது, இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் அங்கே மாண்டிருந்தது தெரிய வந்தது. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தார் எடுத்த கணக்கில், அப்பகுதிகளில் ஆறு முதல் பதினாலு வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேர் பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதாக 2019-இல் செய்தி வெளியாயிற்று.

வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் பெயர் கூப்பிட்டு ஆஜர் போடுகிறவர்களுக்கு ஐயாயிரம் என்ற எண் வேறு மாதிரி ஒலிக்கும். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கள் நூற்றிருபத்தைந்து.

செய்வதற்கு வழி இல்லாமலில்லை. உலையில் உருக்கிச் செய்யும் செயற்கைக் காக்காய்ப்பொன் கிடைக்கிறது. பட்டியலில் அது மைக்கா என்றில்லாமல் ஸிந்தடிக் ப்ளோர்ப்ளோகோபைட் என்ற நீண்ட பெயரில் இருக்கும். சில கம்பெனிகள் அதற்கு மாறியிருக்கின்றன. வேறு சில, 2017-இல் ஏற்பட்ட ஒரு சர்வதேச அமைப்பில் சேர்ந்து, சுரங்கத்திலிருந்து தொழிற்சாலை வரை வழியைக் கண்காணிப்பதாகச் சொல்லுகின்றன. நம் சீசாவில் மைக்கா என்று மட்டுமே இருந்தது. "பத்து விஷங்கள் அற்றது" என்ற ஜாபிதாவில் இதைச் சேர்க்க இடமில்லை போலும்.

விடுமுறை முடிந்து நீல விரல்களுடனேயே பள்ளிக்கூடம் போனோம். ஆசிரியைகள் அறையில் ஒரு நிமிஷம் மௌனம். பிறகு ஒருவர் பின் ஒருவராக, எங்கே வாங்கியது என்று தனித்தனியே கேட்டுத் தெரிந்து கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சீசாவைத் திறந்து முன் வரிசையில் நீட்டினோம். "எஸ்டர், டீச்சர்!" என்று நாலைந்து குரல்கள். பரிசோதனைச் சாலையில் பழ வாசனையைக் கொண்டு கண்டுபிடிக்கப் பழக்கியது வீண்போகவில்லை. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக் கொண்டாள். மணி அடித்த பிறகு தனியே வந்து, "எங்கள் அக்கா மேலேயெல்லாம் இந்த வாசனைதான் டீச்சர்" என்றாள்.

அக்கா அழகு நிலையமொன்றில் வேலை பார்க்கிறாளாம். முகூர்த்த நாட்களில் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேருக்கு நகம். குளிர்சாதன அறை, குளிர்ச்சி போய்விடும் என்று ஜன்னலைத் திறப்பதில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தலையைக் கட்டிக் கொண்டு படுத்துவிடுகிறாளாம். பரீக்ஷை முடிந்ததும் தங்கையையும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு.

நாம் மாதத்துக்கொரு முறை பூசிக் கொள்கிறவர்கள். நமக்கு இது பத்து நிமிஷ வாசனை. சீசாவில் கரும்போ கிணறோ, அந்தப் பெண்ணுக்கு அது நாள் முழுவதும் மூச்சு. துணி முகமூடி தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மேஜைக்குப் பக்கத்திலேயே காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி வேண்டும். சீசாக்களை உடனுக்குடன் மூட வேண்டும். நனைந்த பஞ்சை மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். மறுவாரம் அந்தப் பெண் சொன்னது: "விசிறி இருக்கிறதாம் டீச்சர். ரிப்பேராகி ஒரு வருஷமாகிறதாம்." அந்தக் கடைக்காரரை ஒரு முறை நேரில் பார்த்து வந்தோம். ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். தங்கைக்குக் கல்லூரி விண்ணப்பத் தாள் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

பூச்சு எத்தனை நாள் நின்றது என்று கேட்பீர்கள். மூன்றாம் நாள் தேங்காய் துருவியதில் வலது ஆள்காட்டி விரல் முனை போயிற்று. ஐந்தாம் நாள் பாத்திரம் தேய்த்ததில் இன்னும் இரண்டு. ஏழாம் நாள் மிச்சத்தையும் அழித்துவிடுவதே மரியாதை என்று தோன்றியது. அழிப்பதற்கு மறுபடியும் அஸிடோன். பூமிக்கு உகந்த சீசா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மருதாணியாயிருந்தால் நகத்தோடு ஒன்றி, நகம் வளர வளரத் தானே நகர்ந்து போய்விடும். அழிக்கவே வேண்டாம் என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். அதற்கும் ஒரு வார்த்தை: கொல்லை மருதாணி வேறு, ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கூம்புகள் வேறு. அந்தக் கறுப்புக்குப் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் மருந்தைக் கலக்கிறார்கள். கொப்புளம் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

நகப்பூச்சுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டோம்: தங்கள் காக்காய்ப்பொன் எந்த ஊரிலிருந்து வருகிறது? மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் அன்புக்கு மிக்க நன்றியாம்; அவர்களுடைய சரக்குகள் அனைத்தும் பொறுப்பான இடங்களிலிருந்து பெறப்படுகின்றனவாம்; அடுத்த கொள்முதலில் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடிக்கு ஒரு கூப்பனும் இணைத்திருந்தார்கள். அண்ணன் மகள் டெலிபோனில் அந்தக் கூப்பன் எண்ணைக் கேட்டாள். பதில் வந்த பிறகு தருகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பொறுப்பான இடத்தின் பெயர் என்ன, ஜில்லா எது என்று மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறோம்.